தவசிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு

பார்த்து உட்காருங்கள் தம்பி, முட்டி இடித்துவிடப் போகிறது. மடியில் இருப்பது கம்ப்யூட்டர். டிவி மாதிரி இருக்குமே அது இல்லை. பக்கத்தில் ஒரு பெட்டி நிற்குமே, அது. மேலே வைக்கச் சொன்னார் கண்டக்டர். இந்த டிரைவர் பிரேக் போடுகிற அழகுக்கு மேலே வைத்தால் யார் மண்டையில் இறங்கும் என்று சொல்ல முடியாது. தவசி ஓட்டினால் வைத்திருப்பேன். தவசி பிரேக் போட்டால் கையில் இருக்கிற டம்ளரில் காபி அசையாது. அவன் என் எதிரி. எதிரியானாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும், இல்லையா?

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துகிறீர்களா? தூசி உள்ளே போகக் கூடாது. இதற்கு ஒரு வெல்வெட் உறை இருந்தது. இப்போது இல்லை. அது பெரிய கதை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

தவசி என்றால் தவசிலிங்கம். என் மனைவியின் தங்கையைக் கட்டியவன், எனக்குச் சகலை. நாம் போகிற இதே மதுரை அருப்புக்கோட்டை ரூட்டில்தான் தனியார் பஸ் ஓட்டினான். நான் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டிவி கேம் கடை வைத்திருந்தேன். அதற்கு முன்னால் வாடகை சைக்கிள். படிப்பு எனக்கு ஏறவில்லை, லைசென்ஸும் எடுக்கவில்லை. இன்றைக்கும் சைக்கிளைத் தவிர எனக்கு எதுவும் ஓட்டத் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் சாம்பல் நிறத்தில் ஒரு கேம் பெட்டி இருந்தது. உள்ளே வட்டத் தட்டைப் போட்டு டிவியில் மாட்டி விளையாடுவது. பழைய பெட்டி, நேராக வைத்தால் தட்டைப் படிக்காது. கவிழ்த்துப் போட்டால் படிக்கும். எனவே கவிழ்த்துப் போட்டு, தூசி படாமல் இருக்க மெரூன் நிற வெல்வெட் உறை ஒன்றை மாட்டியிருப்பேன். என் மனைவி செல்லக்கனி தைத்தது, ஓரத்தில் ஜரிகை வைத்து. விளையாட வருகிறவர்கள் அதைத் தொட்டுக் கும்பிடுவார்கள், கிண்டலுக்கு. தவசியும் ட்ரிப்புக்கு நடுவில் வருவான். வந்ததும் முதல் வேலையாக உறையைப் பார்ப்பான்.

"அண்ணாச்சி, அது இஞ்சின். அதுக்குப் போயி பட்டுச்சேலை கட்டி வச்சிருக்கீங்க" என்பான்.

பஸ்காரனுக்கு கேம் பெட்டியைப் பற்றி என்ன தெரியும்? 

அதில் ஒரு கார் ரேஸ் உண்டு. டிவியை இரண்டாகப் பிரித்து மேலே ஒருவன் கார், கீழே ஒருவன் கார். தவசி விளையாடுவதைப் பார்க்க வேண்டுமே. ரேஸில் இடது ஓரமாகப் போவான். வளைவு வந்தால் வேகத்தைக் குறைப்பான். முன்னால் போகிற வண்டியைத் தாண்டும்போது வாயாலேயே ஹாரன் அடிப்பான். "எதிர்ல வண்டி வந்தா என்னண்ணாச்சி செய்வீங்க?" என்று என்னைக் கேட்பான். ரேஸில் எதிரில் ஏன் வண்டி வருகிறது? ஆனால் எங்கும் இடிக்க மாட்டான், அதையும் சொல்ல வேண்டும்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் இருந்த டிரைவர் கண்டக்டர் எல்லோரும் கடையில் கூடிவிட்டார்கள். அவனுக்கும் எனக்கும் பந்தயம். லைசென்ஸ் இல்லாத நான் முன்னால் போகிறேன். மதுரைக்குத் தினமும் பஸ் ஓட்டுகிறவன் பின்னால் வருகிறான். கடைசி ரவுண்டு. கோடு கண்ணுக்குத் தெரிகிறது தம்பி, கட்டம் போட்ட கோடு. அப்போது படம் அப்படியே நின்றுவிட்டது. என் காரும் நிற்கிறது, அவன் காரும் நிற்கிறது.

நான் கீழே பார்த்தேன். தவசியின் கால் எங்கே இருக்கிறது? பிளக் போர்டு பக்கத்தில் இருக்கிறது.

"கால வச்சு ஒயர இழுத்திட்டியேடா" என்றேன்.

அவன் சிரித்தான். "வழியில நின்னுபோன வண்டி ஜெயிச்சதா எந்த டெப்போலயும் எழுத மாட்டாங்க அண்ணாச்சி" என்றான். கூட்டம் மொத்தமும் சிரித்தது. அன்றைக்குப் பேச்சை நிறுத்தியதுதான், இருபது வருஷத்துக்கு மேலாகிறது. அவன் ஒயரைப் பிடுங்கிய கதையை நான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. மாப்பிள்ளை வீட்டாருக்கும் சொல்வேன், பெண் வீட்டாருக்கும் சொல்வேன். அவன் ஒரு பந்தியில் உட்கார்ந்தால் நான் அடுத்த பந்தி. அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வார்கள், அது அவர்கள் பாடு.

பிறகு அவனுக்குச் சர்க்கரை கண்ணுக்கு ஏறிவிட்டது என்று கேள்விப்பட்டேன். கண்ணுக்குள் ரத்தம் கசிகிறதாம், ஊசி போடுகிறார்களாம். இருக்கிற பார்வை இருக்கிற வரைக்கும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பஸ்ஸை விட்டான், பிறகு ஸ்கூட்டரையும் விட்டான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த வாரம் சாப்பாடு இறங்கவில்லை, அது வெயிலால்.

போன சித்திரையில் ஒரு காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவர் நாற்காலியைத் தடவிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இலையில் எல்லாம் வைத்தாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் தவசி. பக்கத்தில் யார் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறான். சோற்றை விட்டு எழுந்திருக்க முடியுமா? அவன் விரல் இலையில் அப்பளத்தைத் தேடுகிறது. அப்பளம் சாம்பாரில் விழுந்து கிடக்கிறது.

"வேற அப்பளம் வைக்கச் சொல்லவா?" என்றேன். அவ்வளவுதான் கேட்டேன்.

கை நின்றுவிட்டது. "அண்ணாச்சியா?"

"ஆமா."

கொஞ்ச நேரம் சாப்பிட்டான். பிறகு, "கடைசி ரவுண்டு ஒண்ணு பாக்கி கிடக்கே" என்றான்.

பாருங்கள், அவன்தான் ஆரம்பித்தான். நான் இல்லை.

அந்தப் பழைய பெட்டி எப்போதோ செத்துவிட்டது. தட்டு மட்டும் என்னிடம் இருந்தது. என் மகள் பவித்ரா ஓசூரில் இருக்கிறாள், அவள் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டில் கிடந்தது. லீவுக்கு வந்தவள் அதை எங்கள் வீட்டு டிவியில் மாட்டி, எமுலேட்டர் என்று ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். எமுலேட்டர் என்றால் வேறொன்றும் இல்லை, அந்தப் பழைய பெட்டி மாதிரியே வேஷம் கட்டிக்கொண்டு ஆடுகிற ஒரு ப்ரோக்ராம். கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு நான்தான் அந்தப் பெட்டி என்று சொல்லும். தட்டும் நம்பிவிடும். அதே கார், அதே பாட்டு, அதே கட்டம் போட்ட கோடு. பழைய வெல்வெட் உறையை செல்லக்கனி பிரித்து, கம்ப்யூட்டர் அளவுக்கு ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தாள்.

தவசி வந்தான். விளையாடினோம். ஜெயித்தேன். எப்படி ஜெயித்தேன் தெரியுமா? அவன் வளைவுக்கு வளைவு சுவரில் முட்டினான். இடிக்கவே இடிக்காத தவசி, முட்டி, திரும்பி, மறுபடி முட்டினான். வாயில் ஹாரன் சத்தம் வரவில்லை.

"ரோடு எது செவுரு எதுன்னு தெரியல அண்ணாச்சி, எல்லாம் கூழா இருக்கு. நீங்க ஜெயிச்சிட்டீங்க, வச்சுக்கங்க" என்றான்.

வச்சுக்கங்க என்கிறான். பிச்சை போடுகிற மாதிரி. கண் தெரியாதவனை ரேஸில் ஜெயித்தேன் என்று நான் எந்தக் கல்யாண வீட்டில் போய்ச் சொல்வது? எனக்கு வர வேண்டிய வெற்றியை முன்னே ஒயரைப் பிடுங்கிக் கெடுத்தான், இப்போது கண்ணைக் கெடுத்துக்கொண்டு கெடுக்கிறான். விடுவேனா?

மகளுக்குப் போன் போட்டேன். "அப்பா, எமுலேட்டர்ல படத்தைத் தெளிவா வரையச் சொல்லலாம். ஆனா நம்ம கம்ப்யூட்டர்ல கிராபிக்ஸ் கார்டு இல்லையே, திணறும்" என்றாள். அவ்வளவுதான், மறுநாள் மதுரைக்குப் பஸ் ஏறிவிட்டேன். அவன் நன்றாகப் பார்க்க வேண்டும். பார்த்துத் தோற்க வேண்டும். வேறு எண்ணம் எனக்குக் கிடையாது.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் முதல் கடையில் ஏறினேன். கலர் கலராக விளக்கு எரிகிற கார்டைக் காட்டினான். கல்யாண வீட்டு சீரியல் செட் மாதிரி இருந்தது. இதில் என் கேம் தெளிவாகத் தெரியுமா என்றால், "எல்லாமே தெரியும் சார்" என்கிறான். என்ன கேம் என்றுகூடக் கேட்கவில்லை. அடுத்த கடைக்காரன், "பேரனுக்கா பெரியவரே?" என்றான். அந்தக் கடை வாசலை இனி மிதிக்க மாட்டேன். ஒரு வேட்டி கட்டின மனுஷன் தனக்கென்று ஒரு கார்டு வாங்கக் கூடாதா?

மூன்றாவது கடையில் நஸ்ரின் என்று ஒரு பெண். அவளும் யாருக்கு என்றுதான் கேட்டாள்.

"என் எதிரிக்கு" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "எதிரி என்ன கேம் விளையாடுவாரு?" என்றாள்.

நல்ல கேள்வி. எல்லாவற்றையும் சொன்னேன், ஒயர் பிடுங்கியது வரைக்கும். கடைசி வரை கேட்டாள். "ஐயா, அவ்வளவு பழைய கேமுக்கு கிராபிக்ஸ் கார்டே வேண்டாம்யா. எமுலேட்டருக்கு முக்கால்வாசி வேலை ப்ராசஸர்தான் செய்யும். கார்டு எதுக்குன்னா, படத்தைத் தெளிவாக்கத்தான். அந்தக் காலத்துப் பெட்டி தூரம் தூரமா புள்ளி வச்சுக் கோலம் போட்டுச்சு. அதே கோலத்தை நெருக்கமா புள்ளி வச்சுப் போடச் சொல்றோம். அந்த நெருக்கிப் புள்ளி வைக்கிற வேலைதான் கார்டுக்கு. நடுத்தரமான கார்டே போதும்" என்றாள்.

வேட்டியைப் பார்த்து மட்டமாக எடைபோடுகிறாள் என்று நினைத்தேன். "இருக்கிறதுலயே பெருசு எடும்மா" என்றேன். எடுத்தாள். ஸ்கேலை வைத்து அளந்து காட்டினாள். நாளைக்கு உங்கள் பெட்டியைக் கொண்டு வாருங்கள், இந்த நீளம் அதற்குள் போனால் தருகிறேன் என்றாள். மறுநாள் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன். போகவில்லை. பெட்டியை அறுத்தால்தான் போகும். அவள் சொன்ன நடுத்தரத்தையே வாங்கினேன். அதில் இரண்டு குட்டி விசிறி. அதன்மேல் கண்ணாடி மாதிரி ஒரு தாள் ஒட்டியிருந்தது. அவள் அதை உரிக்கப் போனாள்.

"உரிக்காதேம்மா. அழுக்குப் படும். வீட்டுல போயி நல்ல நாள் பாத்து உரிச்சுக்கிறேன்."

"மறந்துடாதீங்கய்யா, கட்டாயம் உரிக்கணும்" என்றாள். சரி என்றேன். புதுச் சாமானை எடுத்ததும் உரித்துவிட முடியுமா? எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இன்னும் ஒட்டியிருக்கிறது. டிவி ரிமோட்டுக்கு உறை போட்டு, உறை கிழியாமல் இருக்க அதற்கு மேல் ஒரு உறை போட்டிருக்கிறாள் செல்லக்கனி. நாங்கள் சாமானை வைத்துப் பிழைக்கத் தெரிந்தவர்கள் தம்பி.

தவசி வந்தான். படம் வந்தது. கண்ணாடி தம்பி, கண்ணாடி. ரோட்டில் கோடு தெரிகிறது, சுவரில் அம்புக்குறி தெரிகிறது, ஓரத்துப் புல் தெரிகிறது. தவசி முகத்தை டிவியிடம் கொண்டுபோய், முதல் வளைவுக்கு முன்னாலேயே காரை நிறுத்திவிட்டான்.

"ஏன்டா நிறுத்துற?"

"அண்ணாச்சி, போர்டு படிக்க முடியுது" என்றான். "வளைவுன்னு போட்டிருக்கான்."

வளைவு என்றெல்லாம் போடவில்லை, வளைந்த அம்பு. ஆனால் நான் திருத்தவில்லை. என் காரையும் நிறுத்தினேன். ஏன் என்று கேட்காதீர்கள். நிற்கிறவனை முந்துவது ஒரு முந்தலா? அவன் பார்த்து முடிக்கட்டும் என்று இரண்டு காரும் நின்றுகொண்டிருந்தன. கூட ஓடின மற்ற கார்களெல்லாம் போயே போய்விட்டன. பிறகு அவன் கிளப்பினான். இடது ஓரம் பிடித்தான். "பாம், பாம்" என்றான் வாயால். செல்லக்கனி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள். அவளுக்குத் தாளிப்பு நெடி ஒத்துக்கொள்ளாது.

ஒரு இடத்திலும் முட்டவில்லை. நான் இரண்டு தடவை முட்டினேன். கடைசி ரவுண்டில் அவன் முன்னால் போகிறான், நான் பின்னால். அவன் கண்ணுக்குக் கோடு தெரிந்துவிட்டது. "அந்தா இருக்கு அண்ணாச்சி, அந்தா இருக்கு" என்கிறான்.

படம் திக்கியது. விட்டு விட்டு வந்தது. அப்புறம் நின்றே போயிற்று.

தவசி மெதுவாகக் குனிந்து என் காலடியைத் தடவினான். பிளக் போர்டு என் பக்கம்தான் இருந்தது.

"பழிக்குப் பழி வாங்கிட்டீங்க அண்ணாச்சி" என்றான்.

"நான் ஒண்ணும் செய்யலடா."

"நானும்தான் அன்னைக்கு ஒண்ணும் செய்யல" என்றான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அந்த வார்த்தையை மட்டும் வாசலில் நின்று இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனான்.

ஒரு மாதமாகிறது. வரவில்லை. அவன் மனைவி சொல்கிறாள், வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிற பஸ் எந்தக் கம்பெனி வண்டி என்று சத்தத்தை வைத்துச் சொல்கிறானாம். எமுலேட்டருக்கே போவதில்லை என்று சத்தியம் செய்திருக்கிறானாம். கண் நாளுக்கு நாள் மங்குகிறது. என் மேல் பழி நிற்கிறது. நான் செய்யாத தப்புக்கு ஒருவன் என்னை ஊரெல்லாம் குறை சொன்னால் எப்படி இருக்கும்? என் நிலைமையில் இருந்து பாருங்கள். இதைவிட அநியாயம் ஒரு மனுஷனுக்கு வேறு உண்டா?

எல்லாம் அந்த நஸ்ரின் கொடுத்த கார்டால் வந்தது, கேட்டுவிடுவது என்று இன்றைக்குக் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். கடையில் வைத்ததும் சத்தம் போட்டேன். அவள் வெல்வெட் உறையைப் பார்த்தாள்.

"இது எப்பவும் போட்டே இருக்குமாய்யா?"

"எப்பவும்."

"ஆடும்போதும்?"

"ஆடும்போதுதானம்மா தூசி உள்ள இழுக்கும்."

உறையைக் கழற்றினாள். பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். விசிறியின் மேல் அந்தக் கண்ணாடித் தாள் அப்படியே இருந்தது. நல்ல நாள் நான் இன்னும் பார்க்கவில்லை. அவள் உரித்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஐயா, கார்டு வேலை செஞ்சா சூடாகும். சூடு வெளிய போகணும். நீங்க விசிறியையும் மூடி, பெட்டியையும் மூடி வச்சா, முதல் ரவுண்டு நல்லா ஓடும். போகப் போகச் சூடேறித் திக்கும். கடைசில நின்னுரும். எந்த மெஷினா இருந்தாலும் அப்படித்தான்யா."

அங்கேயே போட்டுக் காட்டினாள். ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. எத்தனை ரவுண்டு போனாலும் நிற்கவில்லை. நான்தான் போதும்மா என்றேன். கூலிகூட வாங்கவில்லை. "உங்க எதிரியைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றாள். அவளுக்கு எதற்கு என் எதிரியின் விசாரணை?

என்ன தம்பி, ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

பழைய பெட்டியா? அதற்கும் உறை போட்டிருந்தேன்தான். அதே வெல்வெட்தான். அதற்கென்ன? அது வேறு, இது வேறு. அது கேம் பெட்டி, இது கம்ப்யூட்டர். அன்றைக்கு அவன் கால் பிளக் பக்கத்தில் இருந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன். எந்த மெஷினாக இருந்தாலும் என்று அந்தப் பெண் சொன்னாள், வாஸ்தவம்தான். சின்னப் பெண், எல்லா மெஷினையும் பார்த்திருப்பாளா? சொல்லுங்கள்.

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். காரியாபட்டி தாண்டி வெகுநேரம் ஆகிவிட்டதா? அப்படியென்றால் நான் எழுந்திருக்க வேண்டும். இல்லை இல்லை, என் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். இப்போது வருவது அருப்புக்கோட்டை பைபாஸ் ஸ்டாப். தவசி வீடு இங்கேதான் இருக்கிறது. பெட்டியை அங்கேயே கொண்டுபோய் வைத்துவிடலாம் என்று பார்க்கிறேன். அவன் வீட்டு டிவி பெரியது. பிளக் போர்டு அவன் பக்கம் இருக்கட்டும், என் காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொள்கிறேன். அப்புறம் என்ன சாக்குச் சொல்வான்? தினமும் வந்து விளையாடி, ஒருநாளாவது அவனை முறையாக ஜெயித்துவிட்டுத்தான் பெட்டியை எடுப்பேன். எத்தனை நாள் ஆனாலும் சரி.

உறையா? அதைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறதி. நஸ்ரின் தெரு முனை வரைக்கும் பின்னாலேயே ஓடிவந்து கூப்பிட்டாள், பஸ் இரைச்சலில் எனக்குக் காது கேட்கவில்லை.

கொஞ்சம் இந்தப் பக்கம் பிடியுங்கள் தம்பி. ஆங், அப்படித்தான். நீங்கள் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில்தானே இறங்குகிறீர்கள்? சின்ன ஊர். என்றைக்காவது செல்லக்கனியைப் பார்த்தாலோ, இல்லை தவசிதான் உங்களை விசாரித்தாலோ, அந்த வெல்வெட் துணி இந்த ஜன்னல் வழியாகப் பறந்து போய்விட்டது. நீங்கள் பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தீர்கள், பார்த்தீர்கள்தானே?